மாதிரி எடுத்தவர்

போன மாதம் பிரபு போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு காரைக்கால் பகுதி விற்பனையை அவர்தான் பார்க்கிறார். வாரம் ஒருமுறை எதையாவது சந்தேகம் கேட்பதுபோலப் பேசுவார். கிழவன் தனியாகக் கிடக்கிறானே என்ற இரக்கமாகவும் இருக்கலாம். எதுவானால் என்ன, போன் மணி அடித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

"சார், இனிமே தண்ணி சாம்பிள் எடுத்தா பாட்டிலு, போர், நாம மூணும் ஒரே போட்டோல இருக்கணுமாம். இல்லேன்னா லேப்ல வாங்கமாட்டாங்களாம். ரோதனை சார்" என்று சலித்துக்கொண்டார்.

நல்லதுதானே என்றேன். உடனே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அதுக்கு ட்ரெய்னிங்ல ஒரு கதை சொன்னாங்க பாருங்க! ஸ்லைடுக்குப் பேரே 'காரைக்கால் அம்மா'. போர் தண்ணிய அனுப்பச் சொன்னா, வீட்டுல குடிக்க வச்சிருந்த தண்ணியப் புடிச்சி அனுப்பிருச்சாம் அந்த அம்மா. அத நம்பிப் போட்ட பிளான்ட் ஒரே மாசத்துல ஊத்திக்கிச்சாம். ஹால்ல அவ்ளோ பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். உங்க ஏரியாதானே சார், அந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அந்த அம்மாவின் பெயர் பல்கீஸ். அவரைப் பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராக நிறுத்தி வைத்துச் சிரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவரை அங்கே நிறுத்தியவன் நான்தான். அதை இனியும் எழுதாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

என் வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு பம்பு கடையில் இரண்டு வருஷம் இரும்பு தூக்கினேன். பிறகு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் செய்யும் இந்தக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். காரைக்கால் ஏரியா என்றதும் கூட வேலை பார்த்தவர்கள் கண்ணடித்தார்கள். "கொடுத்து வச்சவன்டா, சரக்கு சல்லிசு" என்றார்கள். நான் குடிக்கிறவனில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் எல்லையைத் தாண்டித் தாண்டி இரண்டு மாநிலத்துக்கும் எழுதின பில்லும், கடல் ஓரத்து உப்புத் தண்ணீரும்தான்.

ரீஜனல் சேல்ஸ் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். ஒரு பைக், ஒரு தோள்பை, ஒரு ஆள், அவ்வளவுதான் ரீஜன். காலையில் பூவம் பக்கம் ஒரு பண்ணை, மத்தியானம் டவுனில் ஒரு கல்யாண மண்டபம், சாயங்காலம் நாகப்பட்டினம் போகிற வழியில் ஒரு ஐஸ் கம்பெனி. ஒரு நாளில் முப்பது பேரிடம் வாய் ஓயாமல் பேசுவேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியிடம் பேச ஒரு வார்த்தை மிச்சமிருக்காது. மகள் பிரசவத்துக்கென்று சென்னை போனவள், பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தும் அங்கேயே இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. நான் இல்லாமல் இருக்க அவள் பழகி ரொம்ப நாளாகிவிட்டது. நான்தான் இன்னும் பழகவில்லை.

எங்கள் தொழிலில் எல்லாமே ஒரு பாட்டில் தண்ணீரில் ஆரம்பிக்கும். வாடிக்கையாளரின் கிணற்று நீரையோ போர் நீரையோ மாதிரி எடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்ப வேண்டும். அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று லேபில் சொல்வார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் இயந்திரத்தின் அளவையே முடிவு செய்வோம். மாதிரி எடுக்க முறை இருக்கிறது. மோட்டாரைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட வேண்டும், குழாயில் தேங்கிக் கிடந்தது போகட்டும் என்று. அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலச வேண்டும். காற்றுக்கு இடமில்லாமல் வாய் வரை நிரப்பி இறுக்கி மூட வேண்டும். ஒட்டுச்சீட்டில் வாடிக்கையாளர் பெயர், போரின் ஆழம், எடுத்த நேரம். கூடவே ஒரு படிவம். அதில் கடைசி வரி, 'மாதிரி எடுத்தவர்'. அந்த இடத்தில் எங்கள் கையெழுத்துதான் இருக்க வேண்டும். வாடிக்கையாளரை எடுக்க விடக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே தலையில் ஆணி அடித்த மாதிரி சொல்லிக் கொடுத்தது இது.

பல்கீஸின் வீடு வாஞ்சூர் போகிற ரோட்டில் இருந்தது. துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம் அது. கணவர் சாகுல் அப்போது வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்த நாளை மாதக் கணக்கில் எண்ணிவிடலாம். லாரிக்காரர்களுக்குத் தண்ணீர் கேன் போடலாம் என்ற யோசனை பல்கீஸுடையது. வீட்டுப் பின்னால் போர் இருக்கிறது, கொட்டகை போட இடம் இருக்கிறது, வாங்குகிற ஆள் வாசலிலேயே நிற்கிறான்.

"அவங்க இனிமே கப்பல் மாதிரி போறதும் வாறதுமா இருக்க வேணாம்ணே. இங்கனயே இருந்து பொழைக்கணும். அதுக்குத்தான் இந்த மெஷினு" என்று சொன்னார்.

என் விலைப் பட்டியலை வரி வரியாகப் படித்து, இது என்ன, அது எதற்கு என்று ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தார். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேள்வி கேட்ட வாடிக்கையாளர் வேறு யாருமில்லை.

மாதிரி எடுக்கப் போன அன்று கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் பழுது, நாலு மணிக்குத்தான் வரும் என்றார்கள். மணி அப்போது பன்னிரண்டரை. நான் காத்திருந்திருக்க வேண்டும், அல்லது மறுநாள் வந்திருக்க வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை. வெயில், பசி, அவ்வளவுதான். நாக்கு பிரியாணிக்கு அலைந்தது என்றே எழுதிவிடுகிறேன், வெட்கம் என்ன. பாட்டிலைப் பல்கீஸிடம் கொடுத்து, மோட்டாரை ஓடவிடுவதையும் மூன்று தடவை அலசுவதையும் சொல்லி, பஸ் ஸ்டாண்டு பார்சலில் போட்டுவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். படிவத்தை மட்டும் ஹோட்டலில் உட்கார்ந்து நானே பூர்த்தி செய்து அனுப்பினேன். 'மாதிரி எடுத்தவர்: கலியமூர்த்தி.'

அங்கே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. கரண்ட் வந்து மோட்டாரைப் போட்டதும் வழக்கம்போலப் பழுப்பு நிறத்தில், ஒரு வாடையோடு தண்ணீர் வந்திருக்கிறது. பாட்டிலில் கணவர் பெயர் எழுதியிருந்தது. போவது சென்னைக்கு, பெரிய பெரிய ஆட்கள் பார்க்கப்போவது. அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டு வெளியே போகிற பொருள், ஒரு கிண்ணம் கஞ்சியானாலும், நல்லதில் நல்லதாகத்தான் போகும். கெட்டதை நாம் வைத்துக்கொண்டு நல்லதை அனுப்புகிற வீடு அது. புருஷன் பேர் எழுதின பாட்டிலில் அந்த நாற்றத் தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லை. தினமும் ஒரு மைல் போய் நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்து வந்து மூடி வைக்கிற குடத்திலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார். நான் சொன்னபடியே பாட்டிலை மூன்று தடவை அலசியும் இருக்கிறார். பிடித்து வந்த தண்ணீரில் மூன்று தடவை அலசுவது என்றால் சும்மாவா?

லேப் ரிப்போர்ட் வந்தது. இளநீர் மாதிரி தண்ணீர். வாஞ்சூர் ரோட்டில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு? எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய். சட்டைப் பையில் பேனா அளவுக்கு உப்பு பார்க்கும் மீட்டர் எப்போதும் இருக்கும். போய் ஒரு நிமிஷம் தண்ணீரில் தொட்டிருந்தால் தீர்ந்தது. நான் போகவில்லை. நல்ல தண்ணீர் என்றால் சின்ன இயந்திரம் போதும், விலை குறையும், ஆர்டர் உடனே கைக்கு வரும். மாதக் கடைசி வேறு. "உங்க நல்ல நேரம்மா, தண்ணி அருமையா இருக்கு" என்று போனில் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பல்கீஸ். குடத்துத் தண்ணீரைப் பற்றி அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. எந்தத் தண்ணீரையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நான்தானே வாய் கிழியச் சொல்லியிருந்தேன்.

சாகுல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தார். திறப்பு நாளில் பாத்திஹா ஓதி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். "இனிமே பொண்டாட்டி கையாலதான் மூணு வேளையும் சாப்பாடு சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் சாகுல். பல்கீஸ் கொட்டகை வாசலில் கேன் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அம்மா என்று லாரிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

புது இயந்திரம் பத்து நாளைக்கு எதையும் வடிகட்டிவிடும். பிறகு தண்ணீர் வரத்து குறைந்தது. வடிகட்டும் சவ்வுகளில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டது. பம்பு திணறிச் சூடேறியது. நாலாவது வாரம் லாரிக்காரர்கள் கேன்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். "உப்புக் கரிக்குது முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் போர் தண்ணீரில் மீட்டரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மீட்டரை என் பக்கம் திருப்பினார். லேப் சொன்னதைப்போலப் பத்து மடங்கு உப்பு. பல்கீஸ் அப்போதுதான் குடத்துத் தண்ணீரைச் சொன்னார், ஒளிக்காமல், எல்லோர் முன்னாலும்.

மறுநாள் திருச்சிக்குக் கூப்பிட்டார் வரதராஜன் சார். அவர் எங்கள் ரீஜனல் மேனேஜர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "எழுத்துல இருக்கா?" என்பார். கடிதங்களில் கமா விட்டுப்போயிருந்தால்கூடப் பச்சை மையில் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவரிடம் எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான். குடும்பத்தை விசாரித்தார் என்றால் போச்சு. அடுத்து வருவது வெட்டு.

"வாங்க கலியமூர்த்தி. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பொண்ணு எத்தனாவது படிக்குது?"

பதில் சொன்னேன். மேஜைமேல் அந்தப் படிவம் கிடந்தது. கடைசி வரியில் என் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு போட்டிருந்தார்.

"நீங்க எடுத்தீங்கன்னா உங்க தப்பு. வேலை போகும். கம்பெனி புது மெஷின் குடுக்கணும். அந்த அம்மா எடுத்தாங்கன்னா அவங்க தப்பு. கம்பெனி ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. யார் எடுத்தாங்க?"

"அவங்கதான் சார். ஆனா நான்தான் பாட்டிலக் குடுத்துட்டு..."

"யார் எடுத்தாங்கன்னு மட்டும்தான் கேட்டேன்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "உண்மையத்தான் எழுதப் போறோம். பொய் எழுதச் சொல்லலையே. அவங்ககிட்ட ஒரு லெட்டரும் வாங்கிட்டு வந்துருங்க. எழுத்துல இருக்கணும்."

பழைய படிவத்தை நாலாக மடித்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் பழைய தேதி போட்டு, கடைசி வரியில் பல்கீஸ் பெயரோடு புதுப் படிவத்தை எழுதினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. என் கையெழுத்து அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

கடிதத்தை நானே டைப் அடித்து எடுத்துப்போனேன். 'கம்பெனிப் பிரதிநிதியின் அறிவுறுத்தலை மீறி, என் சுய விருப்பத்தின் பேரில் வேறு தண்ணீரை நிரப்பி அனுப்பினேன்.' பல்கீஸ் நின்றபடியே முழுதும் படித்தார். சாகுல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"மீறின்னு போட்டிருக்கேண்ணே. நான் எங்க மீறினேன்? மனசு கேக்கலன்னுதானே..."

"அது ஆபீஸ் பாஷைம்மா."

"இதுல கையெழுத்துப் போட்டா மெஷின மாத்திக் குடுத்துருவாங்களாண்ணே?"

வாய் திறந்து ஆமாம் என்று சொல்லவில்லை. "ம்" என்றேன். பல்கீஸ் மேஜைமேல் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். "நீங்க நல்லாருக்கணும்ணே" என்றார்.

கம்பெனி கையை விரித்தது. அந்த ரமலான் முடிந்ததும் சாகுல் பழைய கிடங்குக்கே திரும்பிப் போனார், முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. எனக்கு அடுத்த வருஷம் ஏரியா பெரிதானது. வாஞ்சூர் ரோட்டில் போகும்போது பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விடுவேன். பெண்டாட்டியிடம்கூட இதைச் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றையும் தானே தின்றுதான் ஆக வேண்டும்.

பிரபு போன் செய்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி வாஞ்சூர் ரோட்டில் இறங்கினேன். கொட்டகையில் யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். பல்கீஸ் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அண்ணே! வாங்க, வாங்க. எளைச்சிட்டீங்களே. அண்ணி நல்லாருக்காங்களா?"

உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"ஒங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சதுண்ணே. அன்னைக்கு என் புத்திகெட்ட வேலையால ஒங்களுக்கும் ஆபீசுல கெட்ட பேரு வந்திருக்கும். மனசுல வச்சிக்காதீங்க."

தூக்கிவாரிப் போட்டது. அய்யோ, என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெயிலையும் பிரியாணியையும், கிழித்துப் போட்ட படிவத்தையும், அந்த "ம்" என்ற சொல்லையும். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பல்கீஸ் முந்தானையைத் தலைமேல் சரிசெய்துகொண்டார். கேள்வி கேட்க ஆரம்பித்தார், முன்பு விலைப் பட்டியலைக் கேட்ட மாதிரியே, ஒன்றன்பின் ஒன்றாக.

"அந்தத் தண்ணியப் புடிக்கிறது ஒங்க வேலையா?"

"ஆமாம்மா."

"நான் புடிச்சிருக்கவே கூடாதா?"

"கூடாதும்மா."

"ரிப்போட்டப் பாத்தப்ப ஒங்களுக்கு டவுட்டு வரலையா?"

"வந்துச்சு."

என் டீ தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு பேசினார். குரலில் கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவங்க ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வருவாங்கண்ணே. வீட்டுக்கு ஒரு ரூம் எழுப்பலாமான்னு கேட்டா, புள்ளைய எங்க சேக்கலாம்னு சொன்னா, 'நீ தண்ணி புடிச்சி அனுப்புன சீரு தெரியாதா'ன்னு ஒரே வார்த்த. அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்றதில்ல. பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல நான் ஒரு யோசன சொன்னதில்ல. மாமிகிட்ட, கொழுந்தன்கிட்ட, எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டுத் திரியிறேன், என்னாலதான் அவங்க திரும்பப் போனாங்கன்னு."

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடும்மா என்று சொல்ல நினைத்தேன். அது பெரிய வார்த்தை, வசனம் மாதிரி இருக்கும். "நான் பாவிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? இன்னைக்கு அவங்களுக்கு லீவு, ரூம்லதான் இருப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

நான் வேண்டாம் என்பதற்குள் போனில் அழுத்திவிட்டார். "ஒரு ஆள் பேசணுங்குறாங்க" என்று மட்டும் சொல்லி என் கையில் கொடுத்தார்.

சாகுலின் குரல் கிழடு தட்டியிருந்தது. யாரென்று சொன்னேன். "சார், எப்புடி இருக்கீங்க?" என்று உற்சாகமாகக் கேட்டார். பின்னால் ரூம்காரர்கள் பேசுவதும் பாத்திரம் கழுவுவதும் கேட்டது. நான் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். பல்கீஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றார், ஒரு வரியையாவது விழுங்குகிறேனா என்று. நான் விழுங்கவில்லை. சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சாகுல்?"

"அவகிட்ட குடுங்க" என்றார்.

கொடுத்தேன். பல்கீஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். பிறகு அவருடைய குரல் உடைந்தது.

"அழாதீங்க... ரூம்ல ஆளுங்க இருக்காங்கள்ல. அழாதீங்கங்குறேன்."

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போய்ட்டு வர்றேன் என்று நானும் சொல்லவில்லை, அந்த வீட்டுக்கு இனி வருவதற்கு எனக்கு என்ன இருக்கிறது.